தத்தனின் வாள்

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ரிலீஸை முடித்துவிட்டு, ராத்திரி ஒன்றேகால் மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் நாலு பேர். கூட இரண்டு ஆட்டோ டிரைவர்கள், பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன். பத்தொன்பது இருபது வயசு இருக்கும் ஒரு பையன் வந்தான். சட்டையை இன் பண்ணியிருந்தான் என்பது ஏனோ இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். காய் நறுக்குகிற கத்தி. மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடி. "இருக்கறத எடு" என்றான். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஆற்றுவதை அவர் நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

"எடுத்துக்க தம்பி. பெருசா ஒண்ணும் இல்ல, பால்காரருக்குக் குடுத்தாச்சு. சாப்டியா?"

பையன் பதில் சொல்லவில்லை.

"இந்தா, மொதல்ல இதக் குடி. சூடு, பாத்துப் புடி."

விளிம்பு வரைக்கும் ஊற்றிய கண்ணாடி டம்ளர். அதை ஒரு கையால் வாங்க முடியாது. பையன் ஒரு நொடி டம்ளரைப் பார்த்தான். கத்தியைப் பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான்.

இந்தக் கதையை நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன்.

நான் பார்க்கிற வேலையில் நெருக்கடியில் அமைதியாக இருப்பது ஒரு தகுதி. ராத்திரி மூன்று மணிக்கு சர்வர் விழுந்து, இன்சிடென்ட் காலில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது குரலை உயர்த்தாமல் 'லாக்ல என்ன இருக்குன்னு பாப்போமா' என்கிறவனுக்குத்தான் மரியாதை. வருடாந்தர மதிப்பீட்டில்கூட அதைத் தனியாகக் குறிப்பிடுவார்கள். அதனால் மாஸ்டரையும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமான மனுஷன், அவ்வளவுதான். அவர் அமைதியாக 'இருந்தார்' என்றுதான் கதையில் சொல்வேன். இந்த 'இருந்தார்' போதாது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது கொலைக்களக் காதையைத் திரும்ப வாசித்தபோது.

தமிழில் இதற்கு நல்ல வினைகள் இருக்கின்றன. தணிதல், தணித்தல். முதலாவது தனக்குள் நடப்பது. இரண்டாவது இன்னொருவரிடம் நாம் செய்வது. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்காகப் படித்த விஷயம்தான். கூடவே இன்னொரு ஜோடியும் உண்டு: அடங்குதல், அடக்குதல். கலவரத்தைத் 'தணித்தார்கள்' என்று செய்தியில் வருவது அபூர்வம். 'அடக்கினார்கள்' என்றுதான் வரும். ஆயுதம் ஏந்திய ஒருவன் எதிரில் நிற்கும் காட்சிகளை நம் இலக்கியத்தில் வாசிக்கும்போது, இந்த நாலு வினைகளில் எதை யார் செய்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். நமக்குச் சொல்லிக்கொடுத்த கதாநாயகர்கள் கொஞ்சம் இடம் மாறினார்கள்.

கோவலன் கொலையை எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் ஊழ் என்று முடித்துவிட்டார். சிலப்பதிகாரமும் அப்படித்தான் சொல்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் இளங்கோவடிகள் ஊழை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நாலு வரி போதும். அவர் அதைச் செய்யவில்லை. அந்தக் கொலை எந்தெந்த வாயில் எப்படி ஏறி ஏறி வந்தது என்பதைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார். என் தொழில் மொழியில் சொன்னால், யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதப்பட்ட போஸ்ட்மார்ட்டம் மாதிரி இருக்கிறது.

முதலில் அரசன். ஊடலில் இருக்கும் கோப்பெருந்தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் மடக்குகிறான். சிலம்பைத் திருடியவன் என் குடிசைப் பக்கம் இருக்கிறான் என்கிறான். நிற்க நேரமில்லாத அரசன் நடந்துகொண்டே ஒரு நிபந்தனை போடுகிறான்: சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவாருங்கள். எல்ஸ் இல்லாத ஒரு இஃப். அந்த நிபந்தனை நிறைவேறும் என்பது பொற்கொல்லனுக்குத் தெரியும், ஏனென்றால் கோவலன் தானாகவே அவனிடம் சிலம்பைக் காட்டி விலை கேட்டவன். சோதனை சரியாகத்தான் ஓடப்போகிறது. சோதிப்பது தவறான விஷயத்தை.

அடுத்து காவலர்கள். இங்கேதான் நான் நின்றுவிட்டேன். கொல்ல வந்தவர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனுடைய தோற்றமும் இலக்கணமும் கொல்லத்தக்கவனுடையது மாதிரி இல்லையே என்கிறார்கள். ஆயுதம் வைத்திருப்பவனின் வாயிலிருந்தே சந்தேகம் வருகிறது. மொத்தக் காட்சியிலும் தணிப்பதற்கான ஒரே வாசல் அது. யாராவது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். 'நீ எந்த ஊர்? இது எப்படிக் கிடைத்தது?' இரண்டு கேள்வி போதும். கோவலனுக்கு மாதரி இருக்கிறாள், ஆயர்சேரி இருக்கிறது, இன்னொரு சிலம்போடு கண்ணகி இருக்கிறாள். ஒரு நாழிகை கிடைத்திருந்தால் கதை வேறு.

அந்த நாழிகையைப் பொற்கொல்லன் பேச்சால் நிரப்பிவிடுகிறான். அவன் கத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை, சிரித்துக்கொண்டுதான் பேசுகிறான். திருடர்களுக்குத் துணையாக இருப்பவை எட்டு என்று பட்டியல் போடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. பிறகு ஒரு கதை. பகலில் தூதனாகவும் ராத்திரியில் பெண் வேடத்திலும் அரண்மனைக்குள் நுழைந்து, தூங்கும் இளவரசன் மார்பில் இருந்த ஆரத்தைக் களவாடி, அவன் வாளை உருவியும் சிக்காமல் மறைந்த ஒரு திருடன். இதைக் கேட்டதும் வேல் பிடித்த ஓர் இளைஞனுக்குத் தன் கதை ஞாபகம் வருகிறது. மழைக்கால நடுராத்திரியில் கன்னம் வைக்க வந்த திருடன் முன்னால் தான் வாளை உருவியதையும், அவன் அதைப் பறித்துக்கொண்டு காணாமல் போனதையும் சொல்கிறான். சொல்லிவிட்டு, என்ன செய்வது உசிதம் என்று கூட இருப்பவர்களைக் கேட்கிறான்.

பதில் வருவதற்குள் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இரண்டு கதைகளிலும் வாளை உருவியவன்தான் தோற்கிறான் என்பதைக் கவனியுங்கள். ஆயுதம் கையில் இருந்தும் ஏமாந்தவர்களின் கதைகள். பொற்கொல்லன் காவலர்களுக்குக் கோபம் ஏற்றவில்லை, பயம் ஏற்றினான். எதிரில் நிற்பவன் வெறுங்கையோடு இருக்கிறான் என்பதே இப்போது ஆபத்தின் அடையாளமாகிவிட்டது. சாது மாதிரி இருக்கிறானா, அப்போ பெரிய திருடனாக இருப்பான். வெட்டியவன் குடிகாரன் என்பதை வைத்து அவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது சுலபம். ஆனால் வாள் அவன் கையில் இருந்தாலும் அதை ஓங்க வைத்த பேச்சு குடிக்காதவர்களுடையது.

இதற்கெல்லாம் நடுவில் கோவலன்? ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிலம்பைப் பார்க்க அரசன் அனுப்பிய ஆட்கள் இவர்கள் என்றுதான் பொற்கொல்லன் அவனிடம் சொல்லியிருக்கிறான். மொத்தக் கூட்டத்திலும் ரொம்ப அமைதியாக இருப்பவன் கோவலன்தான். அந்த அமைதியால் அவனுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. தணிந்து இருந்தான், தணிக்க ஆள் இல்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று எனக்குக் கிடைத்தது இலக்கியத்தில் அல்ல, ஒரு தொலைபேசிப் பதிவில். 2013 ஆகஸ்ட் 20. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டெக்கேட்டர் பகுதியில் எண்ணூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கிற ஒரு தொடக்கப் பள்ளி. இருபது வயது இளைஞன் ஒருவன் தானியங்கித் துப்பாக்கி மாதிரியான ஒன்றோடும் ஏராளமான தோட்டாக்களோடும் அலுவலக அறைக்குள் வந்துவிட்டான். அங்கே இருந்தவர் ஆன்டனெட் டஃப், பள்ளியின் கணக்காளர். வெளியே போலீஸ். உள்ளேயிருந்து அவன் அவர்களை நோக்கிச் சுடுகிறான். டஃப் அவசர எண்ணை அழைத்து ரிசீவரைக் கையில் வைத்தபடியே பேசுகிறார். முடிவில் அவன் ஆயுதங்களை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் படுத்துச் சரணடைந்தான். ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் பதிவு பின்னால் செய்திகளில் முழுசாக வெளியானது. டஃப் அடுத்த வருடம் ஒரு நினைவுக் குறிப்பு நூலும் எழுதினார். ஆனால் இலக்கியமாக எனக்குத் தோன்றுவது அந்தப் பதிவுதான்.

நான் அதை ஒரு பிரதியாகப் பல தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை எல்லோருக்கும் போல எனக்கும் அவருடைய குரல்தான் ஆச்சரியம். மூன்றாவது தடவைதான் அவர் யார் யாரிடம் பேசுகிறார் என்பதே உறைத்தது. ஆயுதம் வைத்திருப்பவர்கள் அங்கே இரண்டு தரப்பு. அறைக்குள் ஒருவன், வெளியே போலீஸ். இருவருமே பயந்திருக்கிறார்கள். டஃப் இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர். அவன் சொல்வதை அவசர எண் ஊழியரிடம் சொல்கிறார். அவர்கள் சொல்வதை அவனிடம் திருப்புகிறார். போலீஸ் உள்ளே வரவேண்டாம் என்று அவன் சார்பில் கேட்கிறார். வேண்டுமானால் நானும் உன்னோடு வெளியே நடந்து வருகிறேன், அப்போது சுடமாட்டார்கள் என்கிறார். கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் செய்ததும் இதே வேலைதான். கோவலனுக்கும் காவலர்களுக்கும் நடுவில் நின்று இரு தரப்புக்கும் மற்றவர் யார் என்று சொன்னான். இரண்டு பேரிடமும் பொய் சொன்னான், அவ்வளவே வித்தியாசம்.

இன்னொன்று. டஃப் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். முப்பத்து மூன்று வருடம் கூட வாழ்ந்த கணவர் விட்டுப்போனது, உடல் குறைபாடுகளோடு ஒரு மகன், தானும் சாக முயன்றது. இதையெல்லாம் துப்பாக்கிக்கு முன்னால் நின்று ஒருவர் சொல்வது வியப்புதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு சின்ன இடம். அவன் கடைசியில் தன் பெயரைச் சொல்கிறான். அந்தக் குடும்பப் பெயர் தன் அம்மா வழிக் குடும்பத்தின் பெயரும்தான் என்று டஃப் சட்டென்று சொல்லிவிடுகிறார். உறவு கொண்டாடுகிறார். நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் 'அப்ப நீங்க நம்மாளுதான்' என்பதுபோல. அந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் சாதி விசாரிக்கிற இன்னொரு கெட்ட வேலையும் உண்டு என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் அந்த அறையில் அது வேறு வேலையைச் செய்தது. வெளியாளாக வந்தவன் ஒரு நொடியில் ஓர் ஊர்க்காரன் ஆகிவிட்டான்.

போலீஸ் உள்ளே வந்து அவனைக் கட்டிய பிறகு அவர் குரல் நொறுங்குகிறது. அழுகிறார். அதுவரை அவர் உள்ளே தணிந்தே இருக்கவில்லை. தணியாமலேயே தணிக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடிச் சாட்சி அந்தக் கடைசி நிமிடம். இன்சிடென்ட் காலில் நாங்கள் போற்றுகிற நிதானம் இதன் பக்கத்தில் கொஞ்சம் மலிவான சரக்கு. எங்களை யாரும் சுடப்போவதில்லை.

காவல் துறைகள் இதைத் தொழிலாகக் கற்றுக்கொண்டது ரொம்பப் பழைய விஷயம் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பதினொரு இஸ்ரேலிய விளையாட்டுக் குழுவினர் கொல்லப்பட்ட பிறகு, நியூயார்க் போலீஸில் ஃபிராங்க் போல்ஸ், உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க் இருவரும் சேர்ந்து பணயக்கைதிகள் விவகாரத்துக்கென ஒரு முறையை உருவாக்கினார்கள். 1973 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை முற்றுகை 47 மணி நேரம் நீடித்தது. தொடக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் சுடப்பட்டு இறந்திருந்தார். அதற்குப் பிறகும் பாய்ந்து நுழையாமல் காத்திருந்தார்கள். சுற்றி வளை, பேசு, நேரத்தை நீளவிடு. அவர்கள் முறையின் சாரம் அவ்வளவுதான். மணிக்கணக்கில் கோபமாக இருக்க மனித உடம்பால் முடியாது. பசிக்கும், மூத்திரம் வரும், கை வலிக்கும். மாஸ்டர் டீ ஆற்றும் வேகத்தைக் குறைத்தது இதைத்தான் செய்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

உறவு கொண்டாடியதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அதுதான் என்னைப் பெரியபுராணத்துக்குக் கூட்டிப்போனது. சேக்கிழார் சொல்லும் மெய்ப்பொருள் நாயனார் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருக்கோவலூர் அரசர். போரில் அவரிடம் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசிக்கொண்டு, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து ராத்திரியில் வருகிறான். அடியார் வேடம் என்பதால் வாயில்கள் திறக்கின்றன. உள் வாசலில் நிற்கும் மெய்க்காவலன் தத்தன் மட்டும் தடுத்துப் பார்க்கிறான்: அரசர் தூங்குகிறார், நேரம் பார்த்து உள்ளே போங்கள். முத்தநாதன் மீறிப் போகிறான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், தனியாகத்தான் சொல்ல முடியும் என்கிறான். அரசி வெளியே அனுப்பப்படுகிறாள். அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி அரசர் தரையில் உட்காருகிறார். கட்டைப் பிரித்து ஆயுதத்தை எடுத்து அவன் குத்திவிடுகிறான். அரசர் அப்போதும் அவனைத் தொழுகிறார்.

சிவவேடத்துக்குக் காட்டும் பக்தி என்பது வழக்கமான வாசிப்பு. சேக்கிழாரின் நோக்கமும் அதுவே. அவர் ஒன்றும் நெருக்கடி மேலாண்மை எழுத உட்காரவில்லை. ஆனால் என் கண் போனது தத்தன் மேல். சந்தேகத்தோடு வெளியே நின்றவன், நொடியில் உள்ளே பாய்ந்து வாளை ஓங்குகிறான். சரிந்து விழும் அரசர் கையால் தடுத்து, இவர் நம்மவர் என்கிறார். ஓங்கிய வாள் நிற்கிறது. தத்தன் தலைவணங்கி, நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறான்.

அந்தக் கேள்வியை வேல் பிடித்த இளைஞனின் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே கேள்வி. பதிலுக்குக் காத்திருந்தது யார் என்பதுதான் வேறு.

அரசரின் உத்தரவு விசித்திரமானது. இவருக்கு வழியில் யாரும் இடையூறு செய்யாதபடி கொண்டுபோய் விடு. தத்தன் முத்தநாதனைக் கூட்டிக்கொண்டு நடக்கிறான். செய்தி பரவி ஊர் திரள்கிறது. கொல்ல வருகிறார்கள். தத்தன் ஒவ்வொரு கூட்டத்தையும் தடுத்து, இது அரசரின் ஆணை என்று சொல்லி விலக்குகிறான். ஊர் எல்லையைத் தாண்டி, ஆபத்தில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். இதற்குள் அரசர் சாகவில்லை. தத்தன் வந்து, பத்திரமாகப் போய்விட்டார் என்று சொல்லும்வரைக்கும் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். நெட்வொர்க் படித்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தது என்கிற ஒப்புகை வரும்வரை இணைப்பை மூடக்கூடாது.

அரசருக்கு என்ன தெரிந்திருந்தது? குத்து விழுந்து முடிந்துவிட்டது. தன் உயிரைப் பொறுத்தவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆபத்து முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆயுதம் கீழே இறங்கிய அடுத்த நிமிடம்தான் அதை ஏந்தியவனுக்கு மிக ஆபத்தான நிமிடம், அதுவரை பயந்து நின்றவர்களுக்கெல்லாம் அப்போதுதான் தைரியம் வரும். சேக்கிழார் அந்த நிமிடத்தைத் தாண்டி ஊர் எல்லை வரை கதையை நடத்திக்கொண்டு போகிறார். அந்த நடையைச் செய்தவன் தத்தன். அரசருக்கு சிவன் தரிசனம் கிடைக்கிறது. தத்தனுக்கு அறுபத்து மூவரில் இடமில்லை. ஓங்கிய வாளை இறக்கிக்கொண்டு, தன் அரசனைக் குத்தியவனுக்குப் பக்கத்திலேயே, அவனுக்குக் காவலாக அவ்வளவு தூரம் நடந்தவன்.

இதை ஒரு தோழியிடம் சொன்னேன். வழக்கறிஞர். "குத்து வாங்குனவன்தான் எப்பவும் பொறுமையா இருக்கணும்னு நீயும் சொல்ல ஆரம்பிச்சுட்டியா?" என்றாள். நியாயமான கேள்வி. நிதானமாகப் பேசு, அவனைக் கோபப்படுத்தாதே என்று இந்த ஊரில் யாரிடம் சொல்லப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அடிக்கிற கணவன் முன்னால் மனைவியிடம், ஊர்த்தெருக்காரன் முன்னால் சேரிப் பையனிடம். நான் சொன்னேன், அதனால்தான் எனக்கு அரசர் முக்கியமில்லை, தத்தன் முக்கியம். பொறுமை கேட்கப்படுவது திருப்பி வெட்டும் பலம் உள்ளவனிடம். வாள் அவன் கையில் இருக்கிறது, நியாயமும் அவன் பக்கம் இருக்கிறது. அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. வெளிய அனுப்புனாங்களே அந்த ராணி, அவகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: நீறு இல்லாமல் வந்திருந்தால் முத்தநாதன் 'நம்மவர்' ஆகியிருப்பானா? ஆகியிருக்கமாட்டான். அவனைப் போர்க்களத்தில் பலமுறை வென்ற அதே அரசர்தானே. உறவுச் சொல்லுக்கு எல்லை உண்டு. டஃபுக்குக் கிடைத்த குடும்பப் பெயர் எல்லோருக்கும் கிடைக்காது.

பெரியபுராணத்தை ஏதோ அகிம்சை நூல் என்று நினைத்துவிடக் கூடாது. அதிலேயே எறிபத்தர் இருக்கிறார். கருவூரில் சிவகாமியாண்டாரின் பூக்கூடையை அரசனின் பட்டத்து யானை சிதறடித்ததற்காக யானையையும் பாகர்களையும் மழுவால் வெட்டிச் சாய்த்தவர். படையோடு வருகிறார் புகழ்ச்சோழர். எதிரிப் படையைத் தேடினால், மழுவோடு ஒரே ஓர் அடியார் நிற்கிறார். சோழர் படையை நிறுத்திவிட்டு, குதிரையிலிருந்து இறங்கித் தனியாகக் கிட்டே போகிறார். பிழை என்னுடையது, என்னையும் கொல்லுங்கள் என்று தன் வாளை நீட்டுகிறார். கொஞ்ச நேரத்துக்கு முன் யானையை வெட்டியவர் ஆடிப்போகிறார். அரசர் தன்னையே மாய்த்துக்கொள்வாரோ என்று பயந்து அதை வாங்கிக்கொள்கிறார். பிறகு அதே வாளால் தன் கழுத்தை அறுக்கப் போக, இப்போது அரசர் அவர் கையைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. ஒரு ஆயுதம் இப்படிக் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் வேறு ஆளை நோக்கித் திரும்புகிற காட்சி உலக நாடகங்களில்கூடக் குறைவு என்று நினைக்கிறேன். படையை அழைத்து வந்தவர் அதைத் தூரத்தில் நிறுத்தினார் என்பது மட்டும் இங்கே என் கணக்கில் சேரும்.

சரி, டீக்கடை.

பையன் இரண்டு கையிலும் டம்ளரைப் பிடித்திருந்தான். ஒரு மடக்கு குடித்தான். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எங்கள் பக்கத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஒரு ஆட்டோக்காரர், போன வாரம் சிக்னல்கிட்ட ஒரு பொண்ணோட செயினை அறுத்தது இவனுங்கதான் என்று அடிக்குரலில் சொன்னார். என் டீமில் ஒருத்தன், அவன் ரூம்மேட்டின் லேப்டாப் பறிபோன கதையைச் சொன்னான். நானும் ஒன்று சொன்னேன். தாம்பரத்தில் என் சித்தப்பாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எல்லாம் நிஜமாக நடந்தவைதான். இந்தப் பையனோடு எதற்கும் சம்பந்தமில்லை. கொலைக்களக் காதையை அப்போதும் நான் வாசித்திருந்தேன், பள்ளியில் அந்தப் பகுதிக்கு மார்க்கும் வாங்கியிருந்தேன்.

யார் முதலில் பாய்ந்தது என்று எனக்குத் தெரியாது. கத்தியை வாட்ச்மேன் காலால் தள்ளிவிட்டார். டம்ளர் உடைந்தது. சூடான டீ அவன் கழுத்திலும் நெஞ்சிலும் கொட்டியது. கீழே விழுந்தவனின் காலை நான் பிடித்துக்கொண்டேன். நான் அடிக்கவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். காலைப் பிடித்ததால்தான் மற்றவர்களால் அடிக்க முடிந்தது. மாஸ்டர் அடுப்பைத் தாண்டி வந்து, "விடுங்க சார், சின்னப் பையன் சார், குடிச்சிக்கிட்டுருக்கான் சார்" என்று எங்கள் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தரை விலக்கினால் இன்னொருத்தர். போலீஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அவனுடைய இடது கை ஒரு மாதிரி மடங்கிப்போயிருந்தது. அழக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலின் கடைசிப் பக்கங்களை அப்புறம் ரொம்ப நாள் என்னால் தொட முடியவில்லை. 1977இல் வெளிவந்த நாவல், ரஜாக்கர் காலத்து செகந்திராபாத். கலவர இரவில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த முஸ்லிம் குடும்பத்துக்கு அவன்தான் ஆயுதம். தன் வீட்டாரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் அவன் முன்னால் தன் உடையைக் களைய ஆரம்பிக்கிறாள். அவன் ஓடிவிடுகிறான். நாவல் அவனை எந்த விளக்கமும் சொல்ல விடுவதில்லை. நான் அப்படி இல்லை, என்னைப் பார்த்தா பயப்படுறீங்க என்று ஒரு வாக்கியம் சொல்லக்கூட அவனுக்கு இடம் கிடையாது. நாவலை முதலில் கல்லூரியில் வாசித்தபோது அந்தப் பெண்ணுக்காக மனசு கனத்தது. இப்போது அவளுடைய கண்ணுக்கு அவன் எப்படித் தெரிந்திருப்பான் என்று மட்டும் யோசிக்கிறேன். கீழே கிடந்த பையனுக்கு, கழுத்தில் ஐடி கார்டு தொங்க அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்த என் முகம் தெரிந்த மாதிரி இருக்கலாம்.

காயத்தோடு அவனைக் கூட்டிப்போனார்கள். என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை. மாஸ்டர் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

நாலு நாள் கழித்து அதே நேரத்துக்கு டீக்கடைக்குப் போனேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம், ஏனோ அங்கேயே போனேன். மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல் சர்க்கரை கம்மியாகப் போட்டு ஆற்றினார். முன்னெல்லாம் கையில் தருவார். அன்றைக்கு டம்ளரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.